முதல் மருந்து குழாயடியில்

கரமனையில் ஒருவரை நாய் கடித்தால், ஊசி போட அவர் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. ஆற்றுப் பாலத்தடியிலிருந்தோ அக்ரகாரத் தெருக்களிலிருந்தோ ஆட்டோ பிடித்தால் சில கிலோமீட்டரில் திருவனந்தபுரம் ஜெனரல் ஆஸ்பத்திரி. அதைத் தாண்டினால் மெடிக்கல் காலேஜ். ஆஸ்பத்திரி இவ்வளவு பக்கத்தில் இருக்கும் கேரளத்தில்தான் 2022-இல் செப்டம்பருக்குள் 21 பேர் ரேபிஸால் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசியே போட்டுக்கொள்ளாதவர்கள். சிலர் போட்டும் இறந்தார்கள். ஊரை உலுக்கியது அந்தச் சிலரின் சாவுதான். 'ஊசி போட்டும் பிழைக்கவில்லை என்றால் ஊசி எதற்கு?' என்ற கேள்வி அன்றைக்கு எழுந்தது, இன்னும் ஓயவில்லை. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை காண, கிருமி உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

ரேபிஸ் வைரஸ் நாயின் எச்சிலில் இருக்கிறது. கடிவாயில் தசைக்குள் இறங்கி, கொஞ்ச காலம் அங்கேயே தங்கி, பிறகு நரம்பு நுனிக்குள் நுழைகிறது. நுழைந்துவிட்டால் ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்புப் புரதங்களுக்கு அது எளிதில் எட்டாது. நரம்பு வழியே தண்டுவடத்துக்கும் அங்கிருந்து மூளைக்கும் ஏறுகிறது. காலில் கடித்தால் அதற்குப் பாதை நீளம், முகத்திலோ தலையிலோ கடித்தால் குறுக்கம். நரம்புகள் நெருங்கிக் கிடக்கும் விரல்களில் கடிபட்டாலும் ஆபத்து கூடுதல். கடிபட்ட நாளுக்கும் நோய் தெரியும் நாளுக்கும் பெரும்பாலும் இரண்டு மூன்று மாத இடைவெளி இருக்கும். அது ஒரு வாரமாகச் சுருங்குவதும் ஒரு வருடமாக நீளுவதும் உண்டு. காய்ச்சல், கடிவாயில் குறுகுறுப்பு, தண்ணீர் குடிக்கப் போனால் தொண்டை இறுகுதல் என்று அறிகுறிகள் தொடங்கிய பிறகு மருத்துவத்தின் கையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதிலிருந்து மீண்டவர்கள் உலகம் முழுக்கத் தேடினாலும் வெகு சிலரே. ஆகவே செய்ய வேண்டியதையெல்லாம் அந்த இடைவெளிக்குள் செய்தாக வேண்டும்.

செய்ய வேண்டியவை மூன்று. தடுப்பூசி, எதிர்ப்புப் புரதத்தை உடம்பே தயாரிக்கும்படி தூண்டுகிறது. அது போதிய அளவு சுரக்க ஏழு முதல் பதினான்கு நாள் ஆகும். அரசு ஆஸ்பத்திரிகளில் தோலுக்குள் போடும் முறையில் கடிபட்டு வந்த அன்றும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களிலும் இரண்டு கைகளிலும் 0.1 மில்லி வீதம் போடுகிறார்கள். பாதுகாப்பில்லாத முதல் நாட்களை ஈடுகட்டுவது சீரம். வெளியில் தயாரான எதிர்ப்புப் புரதத்தை ஆழமான கடிக்குப் புண்ணுக்குள்ளேயும் அதைச் சுற்றியும் செலுத்துகிறார்கள். முதல் ஊசி போட்ட ஏழு நாளுக்குள் இதைப் போட்டாக வேண்டும், பிறகு பயனில்லை. மூன்றாவது, வரிசையில் முதலாவதாகச் செய்ய வேண்டியது: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் புண்ணைப் பதினைந்து நிமிஷம் கழுவுவது. வைரஸின் மேலுறையில் கொழுப்பு இருக்கிறது, சோப்பு அதைக் குலைத்துவிடும். தசையில் எத்தனை கிருமி மிஞ்சுகிறது என்பதைத் தீர்மானிக்கும் இந்த வேலை ஆஸ்பத்திரியில் தொடங்குவதல்ல, கடிபட்டவர் வீட்டுக் குழாயடியில் தொடங்குவது. மூன்றில் பலரும் மருந்தாகவே மதிக்காததும் இதைத்தான்.

ஊசி போட்டும் இறந்தவர்களை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்கலாம். 2022 ஆகஸ்டில் பத்தனந்திட்டா மாவட்டம் ராந்நியில் 12 வயதுச் சிறுமிக்குக் கண்ணருகே கடி. 2025 மார்ச்சில் மலப்புறத்தில் 5 வயதுக் குழந்தைக்குத் தலையில் கடி. அடுத்த மாதம் கொல்லம் மாவட்டத்தில் 7 வயதுச் சிறுமிக்குக் கையில் ஆழமான கடி. மூவரும் தடுப்பூசி போட்டும் ஒரு மாதத்தையொட்டி இறந்தார்கள். மருந்து கெட்டதோ என்ற சந்தேகத்தில் 2022-இல் கேரளம் அதைச் சோதனைக்கு அனுப்பியது. தரம் சரி என்று மத்திய ஆய்வகம் சான்றளித்தது. மூவரும் குழந்தைகள் என்பதைக் கவனிக்க வேண்டும். பாயும் நாயின் வாய்க்குக் குழந்தையின் முகம் நேர் மட்டத்தில் இருக்கிறது. புரதம் சுரக்கும் முன்பே கிருமி நரம்பேறிவிட்டால் நல்ல ஊசியும் தோற்கும். அந்தப் பெற்றோர்கள் எதைச் செய்தார்கள், எதை விட்டார்கள் என்று குற்றம் தேட இதைச் சொல்லவில்லை. ஊசி மட்டும் போதாத கடிகள் உண்டு என்பதால் மற்ற இரண்டையும் துளியும் தளர விடக்கூடாது என்பதே இதன் பொருள். இந்தச் சாவுகளைக் காட்டி ஊசியைத் தவிர்ப்பவர், அதிகம் பேர் இறந்த பக்கம் போய் நிற்கிறார்.

ஊசியைத் தள்ளிப்போட வேறு காரணங்களும் சொல்வார்கள். 'வீட்டு நாய்தான், நகம்தான் பட்டது' என்பது ஒன்று. ரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி தேவை; நாய்க்குட்டியும் பூனையும் இதில் விலக்கல்ல. 'பத்து நாள் நாயைப் பார்ப்போம்' என்பது இன்னொன்று. நாயைக் கவனிக்கலாம், ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டுக் கவனிக்க வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. ஆட்டு மூளைத் திசுவிலிருந்து செய்த அந்த மருந்தின் தயாரிப்பை இந்தியா 2004-இலேயே நிறுத்திவிட்டது. நாட்கள் கடந்துவிட்டன என்பதும் காரணமாகாது. அறிகுறி வராத வரை எப்போது போனாலும் தொடங்கலாம். சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆய்வு, நாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 91 லட்சம் விலங்குக்கடிகளும் 5,726 ரேபிஸ் சாவுகளும் நேர்வதாக மதிப்பிடுகிறது. நாய்க்கடி பட்டவர்களில் ஐந்தில் ஒருவர் ஒரு ஊசிகூடப் போடவில்லை என்றும் அது சொல்கிறது.

தெருநாய்களைக் கட்டுப்படுத்தாமல் கடிபட்டவருக்கு உபதேசம் எதற்கு என்று கேட்கலாம். நாய்களுக்கு ஊசி போடுவதே நிலையான தீர்வு என்பதில் சந்தேகமில்லை. கோவா அப்படித்தான் 2021-இல் ரேபிஸ் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பொறுப்பை நகராட்சியிடமும் அரசிடமும் விடாமல் கேட்க வேண்டும். ஆனால் அது வருடக் கணக்கில் நடக்கும் வேலை, கடிபட்டவருக்கு இருப்பதோ சில நாட்கள். ஆகவே புண்ணில் மஞ்சளோ சுண்ணாம்போ மிளகாய்ப்பொடியோ வைக்காதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். முதலில் பதினைந்து நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீரம் தேவையா என்று நீங்களே கேளுங்கள். 28-ஆம் நாளுக்குரிய கடைசி ஊசியையும் தவறாமல் போட்டு முடியுங்கள்.