நீளும் விழி

வகுப்பறையின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவி ஒருத்தி கண்களைச் சுருக்கிக் கரும்பலகையை நோக்குகிறாள். மேசைமீதுள்ள நூலின் சிற்றெழுத்துகளோ அவளுக்கு இடரின்றித் தெரிகின்றன. அண்மை தெளிந்து சேய்மை மங்கும் இந்நிலையே கிட்டப்பார்வை.

பெரும்பாலும் விழியின் நீளமே இதற்குக் காரணம். வளர்ந்தோரின் விழிக்கோளம் முன்பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளமுடையது. அது மிகுதியாக நீளும்போது, தொலைவிலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் விழித்திரையை எட்டுமுன்பே குவிந்துவிடுகின்றன. ஒரு மில்லிமீட்டர் நீட்சி ஏறத்தாழ 2.5 முதல் 3 டயாப்டர் வரை குறையை உண்டாக்கும். ஒரு நெல்மணியின் தடிமன்கூட இல்லாத நீட்சி அது!

குழிலென்சு கதிர்களைச் சற்றே விரித்து, பிம்பத்தை விழித்திரைமீது விழச்செய்கிறது. பார்வை தெளிகிறது, ஆனால் நீண்ட விழி குறுகுவதில்லை. லேசர் சிகிச்சையும் விழியின் முன்புறக் கார்னியாவின் வளைவை மட்டுமே மாற்றுகிறது. பின்புறத்தில் விழித்திரை இழுபட்டு மெலிந்தே இருக்கும். ஆகவே, 6 டயாப்டரைக் கடந்தோர்க்கு விழித்திரை பிரிதல், கண் அழுத்த நோய் முதலியன நேரும் வாய்ப்பு மிகுதி. கண்ணாடி அணிந்தால் குறை வளரும் என அஞ்சி அதனைத் தவிர்ப்போர் இன்றும் உளர். அவ்வச்சத்திற்கு அடிப்படையில்லை.

நீட்சியைத் தணிக்க இயலுமா? சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப்பள்ளிகளில் நிகழ்ந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. பாதிப் பள்ளிகளில் நாள்தோறும் 40 நிமிட வெளிப்புற வகுப்பொன்று கூட்டப்பட்டது. மூன்றாண்டுகளில் அங்கே புதிதாகக் கிட்டப்பார்வை கண்டோர் ஏறத்தாழ 30 விழுக்காடு. பிற பள்ளிகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு. மரநிழலின் ஒளிகூட வகுப்பறை ஒளியைவிடப் பன்மடங்கு மிகுந்தது. அவ்வொளியால் விழித்திரையில் சுரக்கும் டோபமின் நீட்சியைத் தடுக்கிறது என அறிஞர் கருதுகின்றனர். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்திற்கு ஈந்துவிடும் பள்ளிகள் இதனை எண்ணிப்பார்க்கலாம்.

மேல்நிலை வகுப்பை எட்டியோர்க்கும் நீட்சி முற்றிலும் நின்றுவிடுவதில்லை. சிலர்க்கு இருபது வயதிற்குப் பின்னும் தொடரும். எனவே, ஆண்டுதோறும் கண்ணாடியின் அளவைச் சரிபார்த்தல் வேண்டும். குறை மிகுந்தோர், சொட்டு மருந்திட்டுப் பாவையை விரித்து விழித்திரையையும் ஆய்வு செய்துகொள்ளுதல் வேண்டும். கண்முன் திடீரெனக் கரும்புள்ளிகள் மிகுந்து மிதந்தாலோ, மின்னல்போல் ஒளி தெறித்தாலோ, பார்வையின் ஓரத்தில் திரை விழுந்தாற்போல் இருண்டாலோ, அன்றே கண் மருத்துவரை அணுகவேண்டும். வலியில்லையே என்று காத்திருத்தல் கூடாது. விழித்திரை பிரியும்போது வலி தோன்றுவதில்லை.