முழங்காலும் முழு உடலும்

1890ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெர்மனியின் தலைநகராகிய பெர்லினில், தெமிஸ்டோக்ளிஸ் குளுக் என்னும் அறுவை வைத்தியர் பதினேழு வயதுப் பெண் ஒருத்தியின் முழங்கால் மூட்டை அகற்றினார். அவ்விடத்தில் யானைத் தந்தத்தில் கடைந்த கீல் மூட்டு ஒன்றைப் பொருத்தினார். காசநோய் அவள் மூட்டை அரித்திருந்தது. அக்காலத்தில் அவர் இவ்வாறு பல மூட்டுகளைத் தந்தத்தில் அமைத்துப் பார்த்தார். தொடக்கத்தில் பலன் வியக்கத்தக்கதாகவே தோன்றிற்று. ஆயினும் நாளடைவில் சீழ் கண்டு, முயற்சி தோற்றது. தந்தத்திலும் குறைகள் இருந்திருக்கலாம். ஆனால் அச்சிகிச்சையைக் கவிழ்த்தது, நோயாளியின் உடலில் முன்னரே குடியிருந்த வியாதிதான்.

நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. இன்று தந்தத்திற்குப் பதிலாகக் கோபால்ட்-குரோமியக் கலப்பு உலோகம் வந்திருக்கிறது. முழங்கால் மாற்றுச் சிகிச்சை நம் ஊர்களில் அன்றாடப் பேச்சாகிவிட்டது. எனினும் குளுக்கைத் தோற்கடித்த கேள்வி இன்னும் மறையவில்லை. உடம்பில் வேறொரு நீண்டகால நோய் குடியிருக்கும்போது, முழங்காலை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா? அக்கேள்வியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

மாணவ நேயர்களே, முதியோரின் தொல்லையை நம்மிடம் எதற்காகக் கூறுகிறார் என்று நீங்கள் எண்ணக்கூடும். வீட்டில் பாட்டிக்கோ பெரியப்பாவுக்கோ முழங்கால் சிகிச்சை என்ற பேச்சு எழுந்தால், சோதனைத் தாள்களைப் படித்துப் பொருள் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் அவ்வீட்டு மாணவரின் தலையில்தான் விழுகிறது. என் வீட்டிலும் என் பேத்திதான் படிக்கிறாள். எனக்கு வயது அறுபத்து நான்கு. இருபத்து மூன்று ஆண்டுகளாக முடக்குவாதமும், ஒன்பது ஆண்டுகளாக நீரிழிவும் எனக்கு உண்டு. வலது முழங்காலை மாற்றுவதா, வேண்டாமா என்று இவ்வாண்டு முழுவதும் ஆராய்ந்து வருகிறேன். பள்ளியில் பூகோளம் கற்பித்தவள் ஆகையால், எதையும் படம் போட்டுப் பார்த்தாலன்றி எனக்கு நிம்மதி வருவதில்லை.

முதலில் மூட்டைப் பார்ப்போம். மேலே தொடை எலும்பு, கீழே கணைக்கால் எலும்பு, முன்னே வட்டமான சில்லு; இம்மூன்றும் கூடுமிடமே முழங்கால். எலும்புகளின் முனைகளில் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. இக்குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. நரம்பு இல்லாமையால், தான் தேய்வதை அது உடனே அறிவிப்பதில்லை. இரத்த ஓட்டம் இல்லாமையால், தேய்ந்தது மீண்டும் வளர்வது அரிது. நாம் வலியை உணரும்போது, தேய்வு வெகுதூரம் சென்றிருக்கும். சமதரையில் நடக்கையிலேயே உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் இம்மூட்டின் மேல் விழுகிறது. படியேறும்போது இன்னும் மிகுதி. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ பாரம் குறைகிறது என்று 2005இல் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது.

முதுமையில் காணும் மூட்டுத் தேய்வு ஒருவகை. எனக்குள்ள முடக்குவாதம் வேறுவகை. உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே, மூட்டின் உட்சவ்வைப் பகையென்று கருதித் தாக்குவது அது. வீட்டுக் காவலனே கதவை உடைப்பதற்கு ஒப்பாகும். அதனை அடக்கக் கொடுக்கப்படும் மருந்துகள் காவலனின் கையைக் கட்டுகின்றன. கை கட்டுண்ட காவலனால் உண்மையான திருடனையும் நன்றாகப் பிடிக்க முடியாது. இந்தச் சிக்கலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் சிகிச்சை. இதில் மூட்டு முழுவதையும் வெட்டி எறிந்துவிடுவதாகப் பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில், தேய்ந்த முனைகளில் மெல்லிய பகுதியைச் செதுக்கிவிட்டு, பல்லுக்கு உறை போடுவதுபோல உலோக உறைகளை மாட்டுகிறார்கள். இரண்டுக்கும் இடையே உறுதியான பாலிஎதிலீன் தகடு ஒன்றை வைக்கிறார்கள். இம்முறைக்கு அடிப்படை இடுப்பு மூட்டிலே தோன்றிற்று. இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்பவர் 1962இல் பாலிஎதிலீன் கிண்ணத்தையும் எலும்புச் சிமெண்டையும் கொண்டு இடுப்பு மூட்டை அமைத்து வெற்றி கண்டார். அங்கே பயிலச் சென்ற கனடா நாட்டினரான பிராங்க் கன்ஸ்டன், 1968இல் அதே முறையை முழங்காலுக்குக் கொண்டுவந்தார். 1974இல் நியூயார்க்கில் ஜான் இன்சாலும் அவர் தோழர்களும் அமைத்த மூட்டே, இன்றைய மூட்டுகளுக்கெல்லாம் முன்னோடி. இவற்றின் ஆயுளைப் பற்றி இன்று அஞ்ச வேண்டுவதில்லை. 2019இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, நூறு முழங்கால் மூட்டுகளில் ஏறக்குறைய எண்பத்திரண்டு, இருபத்தைந்து ஆண்டுகள் நிலைத்திருக்கின்றன. அறுபத்து நான்கு வயதில் எனக்கு அது தாராளம்.

அப்படியானால் தயக்கம் எதற்கு? கிருமிகளுக்காகத்தான். இச்சிகிச்சைக்குப் பின் மூட்டினுள் கிருமி புகுவது பொதுவாக நூற்றுக்கு ஒருவருக்கு அல்லது இருவருக்கு நேர்வது. நீரிழிவும் முடக்குவாதமும் உள்ளவர்களுக்கு இவ்வாய்ப்பு மேலும் கூடுகிறது. ஒன்று இரண்டு என்பது சிறிய எண்தான். ஆனால் அதன் விளைவு சிறிதன்று. உலோகத்தின் மேற்பரப்பில் கிருமிகள் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கின்றன. அப்படலத்துக்குள் மருந்து எளிதில் நுழைவதில்லை. முற்றிவிட்டால், பொருத்திய மூட்டைக் கழற்றியெடுத்து, கிருமிக்கொல்லி கலந்த சிமெண்ட் கட்டியைத் தற்காலிகமாக வைத்து, பல வாரங்கள் மருந்து செலுத்தி, மறுபடியும் அறுத்துப் புதிய மூட்டு வைக்க வேண்டும். சிற்சில வேளைகளில் கால் முன்னிருந்த நிலையிலும் கீழாகப் போய்விடுவதுண்டு. எனக்கு இரவில் உறக்கம் வராமற் செய்தது வலியைக் காட்டிலும் இந்த நினைவே.

கிருமிகள் அறுவை அறையிலிருந்துதான் வரும் என்பதில்லை. சொத்தைப் பல், சிறுநீர்ப் பாதையில் உள்ள தொற்று, நீரிழிவுக்காரரின் பாதத்தில் அவரே அறியாதபடி உண்டான சிறு புண் ஆகியவற்றிலிருந்தும் அவை இரத்தத்தில் ஏறி மூட்டை அடையக்கூடும். ஆகவே முழங்காலுக்குச் சிகிச்சை பெறப்போகிறவர் முதலில் பல் வைத்தியரிடம் போவது வேடிக்கையன்று. என் பாதங்களைப் பேத்தி வாரம் இருமுறை விளக்கொளியில் பார்த்துச் சொல்கிறாள்.

இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் வெள்ளணுக்கள் சுறுசுறுப்பாக இயங்குவதில்லை. புண்ணும் ஆற நாளாகும். அதை அளப்பதற்கு ஓர் அழகான வழி உண்டு. சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். அந்நாட்களில் இரத்தத்திலுள்ள சர்க்கரை, அவ்வணுவின் ஹீமோகுளோபினில் சிறிது சிறிதாகப் படிகிறது. அந்தப் படிவை அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களில் நாம் எவ்வாறு உண்டு வாழ்ந்தோம் என்பது வெளிப்பட்டுவிடும். முந்தின நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாத பரீட்சை இது! மாணவர்கள் இதன் அருமையை நன்கு உணர்வீர்கள். இந்த அளவு ஏழரை அல்லது எட்டுக்குக் கீழ் வந்த பின்னரே பல அறுவை வைத்தியர்கள் கத்தியை எடுக்கிறார்கள். சித்திரையில் எனக்கு அது 9.2 ஆக இருந்தது.

2023இல் அமெரிக்க முடக்குவாத மருத்துவர் கழகமும், இடுப்பு முழங்கால் அறுவை வைத்தியர் சங்கமும் கூடி வெளியிட்ட வழிகாட்டுதலும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. சர்க்கரை கட்டுக்கு அடங்காதிருப்பின் அதை அடக்கும் வரை பொறுக்கலாம். புகைப்பவர் அதனை விடும் வரை பொறுக்கலாம். ஆனால் உடல் எடை இன்ன அளவுக்குக் குறைந்தாலன்றிச் சிகிச்சை இல்லையென்று ஒருவரைத் திருப்பியனுப்ப வேண்டாம் என்கிறது அது. இக்கடைசிப் பகுதி என் மனத்துக்கு மிகவும் பிடித்திருந்தது. நடக்க முடியாதவரை, நடந்து இளைத்துவிட்டு வா என்று சொல்வது என்ன நியாயம்?

மருந்துகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முடக்குவாதத்துக்காக வாரம் ஒருமுறை உண்ணும் மெதோட்ரெக்சேட் மாத்திரையைச் சிகிச்சைக்காக நிறுத்த வேண்டியதில்லை என்பதே இன்றைய பொதுக் கருத்து. புதுவகை உயிரியல் ஊசிகளைப் போட்டுக்கொள்வோருக்கோ, ஒரு தவணையின் வேகம் அடங்கி அடுத்த தவணை வரவேண்டிய சமயத்தில் சிகிச்சையை வைத்துக்கொள்கிறார்கள். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டை நெடுநாள் உண்டவர், அதை யாரிடமும் கேளாமல் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அறுவை வைத்தியர் ஒரு ஊரிலும் முடக்குவாத வைத்தியர் வேறு ஊரிலும் இருந்தால், இருவரையும் ஒரே தாளில் எழுதவைக்க வேண்டும். நான் அதற்காக இரண்டு முறை பஸ் ஏறினேன்.

இவற்றையெல்லாம் கேட்டபின், ‘ஏன் இந்த வம்பு? இருக்கிறபடி இருந்துவிடலாமே’ என்று தோன்றும். இது உயிர் காக்கும் அவசரச் சிகிச்சையன்று. குடல்வால் அழற்சிபோல இன்றிரவே செய்தாக வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. காத்திருக்க இடமுண்டு என்பதே நோயாளிக்குக் கிடைத்த பெரும் சலுகை. ஆனால் காத்திருப்பதற்கும் விலை உண்டு. வலிக்கு அஞ்சிக் காலை அசைக்காதிருந்தால் தொடைத் தசை மெலிகிறது. முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடுகிறது. நடையின்மையால் சர்க்கரையும் ஏறுகிறது. வலி மாத்திரைகளோ, நீரிழிவுக்காரர் பத்திரமாகக் காக்க வேண்டிய சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யக்கூடியவை. மேலும், மிகவும் தளர்ந்தபின் சிகிச்சை பெறுவோர், ஓரளவு வலுவோடு பெறுவோரை எட்டிப்பிடிப்பதில்லை. நீண்டகால நோயாளியின் தர்மசங்கடம் இதுதான். நோய்க்காகப் பொறுத்தால் கால் போகிறது. காலுக்காக விரைந்தால் நோய் வந்து குறுக்கே நிற்கிறது.

டென்மார்க்கில் நூறு பேரை வைத்து நடத்திய ஓர் ஆராய்ச்சி 2015இல் வெளிவந்தது. மிகக் கடுமையான வலியுள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை. ஐம்பது பேருக்கு மூட்டு மாற்றமும், அதன்பின் பயிற்சி, உணவு முறை முதலியனவும். மற்ற ஐம்பது பேருக்குப் பயிற்சியும் உணவு முறையும் மட்டும். ஓராண்டின் முடிவில், மூட்டு மாற்றிக்கொண்டவர்களே வலி குறைந்து நன்றாக நடமாடினார்கள். ஆனால் கடுமையான பக்க விளைவுகள் அவர்களிடையே இருபத்து நான்கு, மற்றவர்களிடையே ஆறு. பயிற்சி மட்டும் பெற்றவர்களில் பதின்மூன்று பேரே அவ்வாண்டுக்குள் சிகிச்சைக்குப் போனார்கள். இருசாராரும் இதனைத் தமக்குச் சாதகமாக எடுத்துக் காட்டுவதுண்டு. நான் கொண்ட பொருள் வேறு: பயிற்சி, சிகிச்சைக்கு எதிரியன்று, காத்திருக்கும் காலத்தைப் பயனுள்ளதாக்கும் வழி.

இன்னொன்றையும் கூறிவிட வேண்டும். சிகிச்சை பழுதின்றி முடிந்தும், ஐவரில் ஒருவர் அளவுக்குத் திருப்தியில்லாமல் இருக்கிறார்கள். அவர்களிற் சிலர், புதிய முழங்கால் எதைச் செய்யும் என்பதைத் தெரிந்துகொள்ளாமலே போயிருப்பார்கள் என்பது என் ஊகம். நம்மவர் தரையிலே சம்மணமிட்டு உண்பவர்கள்; கோலமிடக் குந்துபவர்கள். புதிய மூட்டு பெரும்பாலும் 110 அல்லது 120 பாகை வரைதான் மடங்கும். குந்துவதற்கு அது போதாது. கோயிலுக்கு நடந்து போகலாம். அங்கே தரையில் உட்கார்ந்து எழுவது கடினம். எனவே நான் ஒரு தாளை எடுத்து, எனக்கு இந்த முழங்கால் எதற்கு வேண்டும் என்று எழுதினேன். பஸ் படியில் ஏற, இரவில் விழிப்பின்றி உறங்க, நூலகம் வரை ஊன்றுகோலின்றி நடக்க என்று மூன்று வந்தன. மூன்றும் உலோக மூட்டால் இயல்பவையே. தரையில் அமர்வதை நான் முடக்குவாதத்திடம் என்றோ ஒப்படைத்துவிட்டேன்.

பணத்தைப் பற்றியும் பேசினோம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் விலை நிர்ணய அமைப்பு, கோபால்ட்-குரோமிய முழங்கால் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று உச்ச விலை விதித்தது. அதற்கு முன் அது பன்மடங்கு விலைக்கு விற்றுவந்தது. மூட்டின் விலை அது. மருத்துவமனைச் செலவு தனி. இரண்டு முழங்கால்களையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் செலவு குறையும் என்று என் மகன் கணக்கிட்டான். கணக்கு சரிதான். ஆனால் ஒரே வேளையில் இரண்டு என்பது இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் கூடுதல் சோதனை. நோயுற்ற உடலுக்கு அது வேண்டாம் என்று வைத்தியரே சொல்லிவிட்டார்.

ஆவணியில் என் சர்க்கரை அளவு 8.4 ஆயிற்று. பல் இரண்டைப் பிடுங்கியாயிற்று. நாள்தோறும் காலையில் நாற்காலியில் அமர்ந்து, முழங்காலை நீட்டி, பத்து எண்ணும் வரை நிறுத்தி மடக்குகிறேன். ஒவ்வொரு காலுக்கும் இருபது தடவை. தைப்பொங்கல் கழிந்ததும் மறுபடி இரத்தம் கொடுக்கிறேன். எட்டுக்குக் கீழே வந்தால் மாசியில் வலது காலுக்குச் சிகிச்சை. வராவிட்டால் இன்னும் மூன்று மாதம். இடது காலைப் பற்றிப் பேச இன்னும் ஓராண்டு இருக்கிறது.