பல சமயத்தார் நடுவே திருச்சபை: பர்மிங்காம் நகர் எழுப்பும் வினாக்கள்

2023ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் மூன்றாம் சார்லஸ் மன்னரின் முடிசூட்டு ஆராதனை நடைபெற்றது. அதில் கொலோசெயர் நிருபத்தின் முதலாம் அதிகாரத்திலிருந்து வாசித்தவர், அன்று பிரிட்டனின் பிரதமராயிருந்த ரிஷி சுனாக் என்னும் இந்து. படைப்பு அனைத்தின்மேலும் கிறிஸ்துவுக்குரிய முதன்மையை எடுத்துரைக்கும் வேதப்பகுதி அது. அரச அணிகளை மன்னரிடம் அளித்தோருள் யூதர், இஸ்லாமியர், இந்து, சீக்கியர் ஆகியோரும் இடம்பெற்றனர். ஆராதனை இங்கிலாந்துத் திருச்சபைக்குரியதாகவே இருந்தது. அதைச் சூழ்ந்து நின்ற சமுதாயமோ பழைய சமுதாயமாக இல்லை.

அந்நாட்டின் நிலையை நாம் ஆராய்வதற்குத் தக்க காரணம் உண்டு. நமக்கு நற்செய்தி கொண்டுவந்த மிஷனெரிமாருள் பலர் அங்கிருந்து புறப்பட்டவர்கள். பிற சமயத்தாரோடு ஒரே தெருவில் வாழ்வது நமக்குப் பிறந்த நாள் முதல் பழகியது. அவர்கள் அதனை அண்மைக் காலத்தில்தான் கற்றுவருகின்றனர். மேலும், இவ்வினாவோடு ஆழமாகப் போராடிய இறையியலாருள் ஒருவர் நம்மிடையே பேராயராகப் பணிபுரிந்தவர். அவர் தம் முதிர்ந்த வயதில் சென்று வாழ்ந்த பர்மிங்காம் நகரை மையமாகக் கொண்டு இதனைச் சிந்திப்போம்.

இருவேறு மாற்றங்கள்

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2001 முதல் சமயம் பற்றிய வினா கேட்கப்படுகிறது. விடையளிப்பது அவரவர் விருப்பம். 2001இல் தம்மைக் கிறிஸ்தவர் என்றோர் ஏறத்தாழ 72 விழுக்காடு, 2011இல் 59.3, 2021இல் 46.2. எந்தச் சமயமும் இல்லை என்றோர் 2001இல் ஏறத்தாழ 15 விழுக்காடு, 2021இல் 37.2. இதே இருபது ஆண்டுகளில் இஸ்லாமியர் 3 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாயினர். 2021இல் இந்துக்கள் 1.7 விழுக்காடு, சீக்கியர் 0.9 விழுக்காடு.

இவ்வெண்களைக் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். கிறிஸ்தவர் விகிதம் ஏறத்தாழ 25 புள்ளிகள் குறைந்தது. சமயமற்றோர் விகிதம் ஏறத்தாழ 22 புள்ளிகள் உயர்ந்தது. எனவே ஆலய இருக்கைகள் காலியானதற்குப் பள்ளிவாசலோ கோயிலோ காரணம் அன்று. பெற்றோரின் விசுவாசம் பிள்ளைகளுக்குக் கையளிக்கப்படாமற்போனதே முதன்மையான காரணம். முதியோர் மறைய, அவர்கள் இடத்தில் நம்பிக்கைப் பழக்கமின்றி வளர்ந்தோர் வந்தனர்.

ஆகவே, அங்கு நிகழ்ந்தவை இரண்டு மாற்றங்கள். ஒன்று, பழைய விசுவாசம் வீட்டைவிட்டு வெளியேறியது. மற்றொன்று, பிற விசுவாசங்கள் அடுத்த வீட்டிற்குக் குடிவந்தன. இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்தமையால், பின்னதே முன்னதற்குக் காரணம் எனப் பலர் மயங்கினர். அம்மயக்கத்திலிருந்து அச்சம் பிறக்கிறது. அச்சத்திலிருந்து பகை பிறக்கிறது. பல்சமய உறவைப் பற்றிப் பேசப் புகுமுன் இம்மயக்கத்தைக் களைதல் இன்றியமையாதது.

வந்தவர்களும் சபையும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனின் தொழிற்சாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போக்குவரத்துத் துறைக்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் காமன்வெல்த் நாட்டினர் அங்குக் குடியேற வழிவகுத்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் மக்கள் வந்தனர். 1960களில் மங்களா அணை கட்டப்பட்டபோது நிலமிழந்த மிர்ப்பூர்ப் பகுதியினர் பலர் பர்மிங்காம் போன்ற தொழில் நகரங்களை நாடினர். 1972இல் உகாண்டாவிலிருந்து துரத்தப்பட்ட இந்திய வம்சாவளியினர் பலர் லெஸ்டரில் குடியேறினர். 1983க்குப் பின் இலங்கைத் தமிழர் பெருமளவில் வந்தனர். 2021இல் பர்மிங்காமில் கிறிஸ்தவர் 34 விழுக்காடு, இஸ்லாமியர் 29.9 விழுக்காடு, சமயமற்றோர் 24.1 விழுக்காடு எனக் கணக்கிடப்பட்டது.

வந்தவர்கள் அனைவரும் பிற சமயத்தார் அல்லர் என்பதை நாம் மறத்தலாகாது. மேற்கிந்தியத் தீவினர் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். தம் தாய்ச்சபை எனக் கருதிய ஆலயங்களுக்கு அவர்கள் சென்றபோது பலருக்குக் கிடைத்தது குளிர்ந்த வரவேற்பே. அடுத்த வாரம் வரவேண்டாம் என்று குருமாரே சொன்ன நிகழ்ச்சிகளும் உண்டு. அவர்களுள் பலர் தனிச்சபைகளை, குறிப்பாகப் பெந்தெகொஸ்தே சபைகளை, நிறுவினர். ஒரே கர்த்தரை அறிக்கையிட்டவரைத் தோலின் நிறம் கண்டு விலக்கிய சபை, வேற்றுச் சமயத்தாரை எவ்வாறு ஏற்றிருக்கும்? பல்சமய உறவு என்னும் வினா இனம், நிறம், வறுமை ஆகியவற்றினின்று பிரிக்கவொண்ணாதது. சாதியை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஒரே நகரில் இரு இறையியலார்

இச்சூழலில் ஒரே நகரில் வாழ்ந்த இருவர் இருவேறு முடிவுகளுக்கு வந்தனர். அவர்களுள் ஜான் ஹிக் 1967இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திற்குப் பேராசிரியராக வந்தார். இனவெறிக்கெதிரான பணியில் பிற சமயத்தாரோடு தோளோடு தோள் நின்றார். அவர்களுடைய வழிபாட்டிடங்களுக்குச் சென்று வந்தார். மொழியும் சடங்கும் வேறுபட்டாலும், மாந்தர் தம் உள்ளத்தைப் பரம்பொருளுக்குத் திறந்து வைப்பதையே எங்கும் கண்டதாக அவர் எழுதினார். இவ்வனுபவம் அவருடைய இறையியலை மாற்றியது. பூமியைச் சுற்றிச் சூரியன் சுழல்கிறது என்னும் பழைய வானியலைப் போன்றது கிறிஸ்தவத்தை நடுவில் வைக்கும் இறையியல் என்றும், கடவுளே நடு, சமயங்கள் அவரைச் சுற்றுவன என்றும் 1973இல் வெளிவந்த நூலில் வாதிட்டார்.

மற்றவர் லெஸ்லி நியூபிகின். 1936இல் தமிழகம் வந்து, 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை–இராமநாதபுரம் பேராயரானவர். பின்னர் 1965 முதல் 1974 வரை சென்னையில் பேராயராயிருந்தார். இளமையில் காஞ்சிபுரத்தில் இராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையில் அமர்ந்து உபநிடதத்தையும் சுவிசேஷத்தையும் மாறிமாறிப் பயின்றவர். அம்மடத்தில் இயேசுவின் படமும் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று அதற்கு வழிபாடும் நடந்தது. இது மதிப்பின் அடையாளமே ஆயினும், இயேசு இங்கே இந்து உலகநோக்கினுள் ஓரிடம் பெற்றுவிட்டார், அவ்வுலகநோக்கு அவரால் அசைக்கப்படவில்லை என்று நியூபிகின் உணர்ந்தார். 1974இல் பர்மிங்காம் சென்றபின் அவர் கண்டது யாதெனில், மேலைநாட்டுச் சபையும் அதையே செய்திருந்தது. தற்கால அறிவுலகின் நோக்கினுள் இயேசுவுக்கு ஒரு மூலையை ஒதுக்கியிருந்தது.

குருடர் யானையைத் தடவிப் பார்த்த கதையை நாம் அறிவோம். எல்லாச் சமயமும் உண்மையின் ஒரு பகுதியையே கண்டன என்பதற்கு அக்கதையைச் சான்று காட்டுவர். நியூபிகின் அதனைத் திருப்பிக் கேட்டார். கதை சொல்பவனுக்கு மட்டும் முழு யானையும் தெரிவதெவ்வாறு? மற்றெவர்க்கும் இல்லாத பார்வை தனக்கு உண்டு என்பது தாழ்மையா? எவரும் ஏதேனும் ஓரிடத்தில் நின்றே நோக்குகின்றனர் என்பது அவர் கருத்து. அதே வேளையில், கிறிஸ்தவரல்லாதவர் மீட்படையார் எனத் தீர்ப்பிடும் உரிமையைச் சபை தனக்கென எடுத்துக்கொள்வதையும் அவர் ஏற்கவில்லை. கடவுளின் கிருபை சபைக்கு வெளியே செயல்படுவதை அவர் மறுக்கவில்லை. ஆனால் பிற சமயங்களையே மீட்பின் வழிகளாகக் கொள்ள மறுத்தார்.

இவ்விருவரையும் எதிரெதிராக நிறுத்தி ஒருவருக்கு வெற்றி வழங்குவது எளிது. அவ்வாறு செய்வது நமக்குப் பயன் தராது. ஹிக் முன்வைத்த வினா இன்றும் நம் வாசலில் நிற்கிறது: அயலானிடத்தில் நாம் காணும் பக்தியையும் தூய்மையையும் நம் இறையியல் என்ன செய்யப்போகிறது? எனினும் அவர் கூறிய விடையைத் தொழுகைக்குச் செல்லும் இஸ்லாமியரும் ஏற்பதரிது. திருவிருந்தில் பங்குபெறும் கிறிஸ்தவரும் ஏற்பதரிது. ஒவ்வொருவரும் தமக்கு உயிரானதைத் தளர்த்தினால்தான் அமைதி என்னும் நிபந்தனை அதில் மறைந்துள்ளது. நியூபிகினை எடுத்தாளுவோரும் அவரை முழுமையாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் 1980 முதல் சில ஆண்டுகள் வின்சன் கிரீன் சிறைச்சாலைக்கு எதிரேயிருந்த ஒரு சிறு சபையை மேய்த்தார். வீடு வீடாகச் சென்றபோது ஆசிய மக்களின் வீடுகள் அவரை வரவேற்றன; ஆங்கிலேயர் வீட்டுக் கதவுகளே பெரும்பாலும் சாத்தப்பட்டன. நற்செய்திக்குப் பெருந்தடை பிற சமயத்தாரின் பக்தி அன்று, சொந்த மக்களின் அலட்சியமே என்பதை அவர் அத்தெருக்களில் கற்றார்.

பள்ளியும் பொதுவாழ்வும்

இவ்விவாதம் பள்ளிகளிலும் எழுந்தது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அரசுப் பள்ளிகளில் சமயப் போதனையைக் கட்டாயமாக்கியது. அக்காலத்தில் அது நடைமுறையில் கிறிஸ்தவப் போதனையே. ஹிக் முன்னின்று உழைத்து 1975இல் வெளிவந்த பர்மிங்காம் பாடத்திட்டம் பல சமயங்களையும், சமயமல்லாத வாழ்க்கை நோக்குகளையும் கற்பிக்க முனைந்தது. பெரும் சர்ச்சை மூண்டது. அனைத்தையும் மேலிருந்து பார்க்கும் நடுநிலை என்று ஒன்று உண்டா என நியூபிகின் வினவினார். 1988ஆம் ஆண்டுச் சட்டம், நாட்டின் சமய மரபு பெரும்பாலும் கிறிஸ்தவமே என்பதையும், பிற முக்கிய சமயங்களின் போதனைகளையும் புதிய பாடத்திட்டங்கள் கருத்திற்கொள்ள வேண்டும் என்றது.

சமயங்களுக்கிடையே நல்லுறவு வளர்க்கும் அமைப்புகளும் தோன்றின. 1942இல் கிறிஸ்தவர்–யூதர் மன்றமும், 1987இல் நாடளாவிய பல்சமய இணையமும் உருவாயின. பின்னது அரசின் நிதியுதவியைப் பெரிதும் சார்ந்திருந்தது. அதன் பொறுப்பாளர் குழுவில் இஸ்லாமியப் பேரவை ஒன்றைச் சேர்ந்தவர் இடம்பெற்றதைக் காரணங்காட்டி அரசு 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிதியை மறுத்தது. அவ்விணையம் அவ்வாண்டே மூடப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 29ஆம் நாள் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமியர் கொல்லப்பட்டனர். கொலைகாரன் இஸ்லாமியன் என்னும் பொய்ச்செய்தி பரவ, மறுநாள் அவ்வூர்ப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பல நகரங்களில் கலவரம் மூண்டது. ஆயினும் அடுத்த நாள் காலையிலேயே அவ்வூர் மக்கள் திரண்டு வந்து, இடிந்த சுவரைத் தம் கைகளால் எழுப்பினர். 2022இல் லெஸ்டரில், இந்திய–பாகிஸ்தான் கிரிக்கெட் போட்டியைத் தொடர்ந்து, இந்து இஸ்லாமிய இளைஞரிடையே மோதல் எழுந்ததும் நினைக்கத்தக்கது. கடல் கடந்த பகையும் மக்களோடு குடிபெயரும் என்பதற்கு அது சான்று.

நமக்குரிய கடமைகள்

இவற்றிலிருந்து மூன்று கருத்துக்களைக் குருமாரும் இறையியல் மாணவரும் சிந்தித்தல் நலம்.

முதலாவது, சாட்சியும் நட்பும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. அத்தேனேயில் பவுல் அந்நகரத்தாரின் வழிபாட்டிடங்களைச் சுற்றி நோக்கிய பின்னரே பேசினார். பேசியபோது உயிர்த்தெழுதலை மறைக்கவுமில்லை. விசுவாசத்தை விட்டுக்கொடுத்தவனிடம் உரையாடலுக்கு எடுத்துச்செல்ல ஒன்றுமில்லை. அயலானைக் கூர்ந்து நோக்காதவன் சொல்லும் சாட்சியும் அயலான் செவியில் ஏறுவதில்லை.

இரண்டாவது, உறவு கூட்டங்களில் தீர்மானிக்கப்படுவது மட்டுமன்று. அரசின் நிதியால் நின்ற அமைப்பு நிதி நின்றதும் மறைந்தது. சுவரை எழுப்பிய அயலாருக்கு எந்தத் தீர்மானமும் தேவைப்படவில்லை. கலவரம் வந்தபின் பள்ளிவாசலின் வாசலைத் தேடும் குருவானவர் காலம் தாழ்த்தியவரே. தம் சபை எல்லைக்குள் இருக்கும் அர்ச்சகரையும் இமாமையும் பெயரறிந்து பழகுவது மேய்ப்புப் பணியின் ஒரு பகுதி என நம் கல்லூரிகள் கற்பிக்க வேண்டும்.

மூன்றாவது, நம் பிள்ளைகளின் விசுவாசம் குலைந்தால் அதற்குப் பிற சமயத்தாரைக் குற்றஞ்சாட்ட இயலாது. பிரிட்டனில் நிகழ்ந்தது வீட்டு ஜெபத்திலும் ஓய்வுநாள் பள்ளியிலும் ஏற்பட்ட முறிவு. இன்று அங்கு வாழும் தமிழ்ச் சபைகளும் இதே சோதனையை எதிர்கொள்கின்றன: பெற்றோர் தமிழில் பாடி ஆராதிக்க, பிள்ளைகள் ஆங்கிலத்தில் சிந்திக்கின்றனர். தொலைவில் நடப்பதென நாமும் வாளாவிருத்தல் தகாது. நம் ஆலயங்கள் இன்று நிறைந்திருக்கலாம். பிரிட்டனின் ஆலயங்களும் ஒரு காலத்தில் நிறைந்திருந்தவையே. அடுத்த வீட்டாரின் கோயில் மணியோசையைக் கேட்டு அஞ்சுவதை விடுத்து, நம் வீட்டில் குடும்ப ஜெபம் நின்றுவிட்டதா எனக் கேட்கும் துணிவை ஆண்டவர் நமக்கு அருள்வாராக.