சென்னை வீரன்ஸ், சென்னை சீட்டாஸ்: சீக்கிரம் கலைந்த இரண்டு ஹாக்கி அணிகள்

2005 முதல் 2008 வரை நடந்த பிரீமியர் ஹாக்கி லீகில் ஆடியது சென்னை வீரன்ஸ். 2012இல் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கியில் ஒரே பருவம் ஆடியது சென்னை சீட்டாஸ். ஊரில் ரசிகர் இல்லாததால் இரண்டும் கலைந்தன என்பார்கள். சான்றுகள் நிர்வாகத்தையே காட்டுகின்றன. ஆதம்பாக்கத்துக்காரர் பரங்கிமலையில் மின்சார ரயில் ஏறினால் எட்டிவிடும் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில்தான், 2007 ஆசியக் கோப்பை இறுதியில் இந்தியா தென்கொரியாவை 7-2 என வென்றது. ஆனால் 2008 மார்ச்சில் சிலி நாட்டின் சாந்தியாகோவில் தோற்று ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தோம். அடுத்த மாதமே இந்திய ஒலிம்பிக் சங்கம் இந்திய ஹாக்கி கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது; அது நடத்திய லீகும் அதோடு போயிற்று. சீட்டாஸ் ஆடிய தொடருக்கோ சர்வதேச ஹாக்கி கூட்டமைப்பின் அங்கீகாரமே இல்லை.

அதே 2008இல் வந்த ஐ.பி.எல். பணத்தையும் பார்வையாளரையும் இழுத்துக்கொண்டது என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு. ஆனால் ஐ.பி.எல். கொடிகட்டிப் பறந்த 2013 முதல் 2017 வரை, அங்கீகாரம் பெற்ற ஹாக்கி இந்தியா லீக் ஐந்து பருவம் நடந்ததே! (அந்த ஐந்து பருவங்களிலும் சென்னைக்கு அணியே இருக்கவில்லை என்பது தனி வயிற்றெரிச்சல்.) ஆட்டமுறையையும் குறை சொல்ல முடியாது: வீரன்ஸ் ஆடிய லீகில் ஆட்டம் நான்கு கால்பகுதிகளாக நடந்தது; பின்னர் 2014இல் சர்வதேசக் கூட்டமைப்பும் தன் போட்டிகளில் நான்கு பகுதி முறைக்கு மாறியது.