பழைய வாகனம்: எதைத் திருத்தலாம், எதை மாற்ற வேண்டும்?

பழைய மோட்டார் சைக்கிளை மலிவாக வாங்கி வீட்டிலேயே திருத்த நினைக்கும் வியாபாரச் சகோதரர்களுக்கு, பழைய இரும்போடு பழகியவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

முதலில் வாகனத்தின் வரலாற்றைப் பாருங்கள். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது, வன்னியில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அது பிழைக்கும் வழி. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் ஒயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். என்ஜினுக்குள் கரியும் படியும்.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தபோது, முள்ளிவாய்க்காலில் மக்கள் விட்டுச்சென்ற வாகனங்கள் கடலுக்கும் நந்திக்கடலுக்கும் நடுவே உப்புக்காற்றில் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் உடைமை. ஆகவே எங்கே வாங்கினாலும், பதிவுப் புத்தகத்திலுள்ள என்ஜின், செசி இலக்கங்களை வாகனத்தோடு ஒப்பிடாமல் பணம் கொடுக்காதீர்கள்.

இறுகிய என்ஜினை உதைத்து ஸ்டார்ட் செய்யப் பார்க்க வேண்டாம். பிளக்கைக் கழற்றி, டீசலும் என்ஜின் ஒயிலும் கலந்து அத்துவாரத்தில் ஊற்றிச் சில நாட்கள் விடுங்கள். பிறகு மெக்னட் பக்கத்து நட்டில் ஸ்பானரைப் போட்டு, முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். பிஸ்டன் விடுபட்டதும் பழைய ஒயிலை முழுவதும் வடித்துவிடுங்கள். காபரேட்டரைக் கழற்றிக் கழுவுங்கள். சிலிண்டரில் கீறல் இருந்தால் அது லேத் வேலை, வீட்டில் முடியாது.

துருப்பிடித்த இரும்பைத் துப்புரவாக்கலாம். வெடித்த ரப்பருக்கு மருந்தில்லை. டயர், பிரேக் ஷூ, கேபிள், பெற்றோல் குழாய் ஆகியவற்றைப் புதிதாகவே போடுங்கள். இந்தச் செலவையும் லேத் கூலியையும் கூட்டிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். பிரேக்கில் மிச்சம் பிடிக்கும் காசு இலாபமல்ல.