குப்பைக் குழாயில் விழக்கூடாத விளக்கு

பெட்டாலிங் ஜெயாவின் அடுக்குமாடி வீடுகளில் எரிந்துபோன சுருள் விளக்கு எங்கே போகிறது? பல வீடுகளில் முந்தின நாள் சாப்பாட்டு மிச்சத்தோடு பையில் கட்டி, குப்பைக் குழாய்க்குள் போட்டுவிடுகிறார்கள். பத்து மாடி இறங்கி விழும்போதே கண்ணாடி நொறுங்கி, உள்ளே இருக்கும் பாதரச ஆவி வெளியேறுகிறது. அதை முதலில் மூச்சில் வாங்குபவர் கீழே தொட்டியைத் தள்ளி எடுக்கும் துப்புரவுத் தொழிலாளி.

2011 தொடக்கத்தில் 100 வாட் குண்டு பல்பை நிறுத்திய மலேசியா, 2014-க்குள் மற்ற குண்டு பல்புகளையும் விலக்கியது. 60 வாட் பல்பின் வெளிச்சத்தை ஏறக்குறைய 14 வாட்டில் தந்த சுருள் விளக்கு அப்போதுதான் வீடு வீடாக ஏறியது. இப்போது எல்இடி அதே வெளிச்சத்தை 9 வாட்டிலேயே தருகிறது. அதில் பாதரசமும் கிடையாது. அதனால் சுருள் விளக்கும் கலிமந்தாங் குழல் விளக்கும் கழற்றி எறியப்படும் காலம் இது. சுருள் விளக்கை 2025-ஓடும் குழல் விளக்கை 2027-ஓடும் நிறுத்த, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் முடிவெடுத்திருக்கின்றன.

ஒரு சுருள் விளக்கில் இருப்பது பொதுவாக 5 மில்லிகிராமுக்கும் குறைவான பாதரசம். பழைய கண்ணாடி வெப்பமானியில் இதைப்போல நூறு மடங்கு இருந்தது. எனவே ஒன்று உடைந்ததற்காகப் பதற வேண்டாம். ஆனால் பாதரசம் மக்கிப் போகாது. தண்ணீரில் கலந்தால் மெத்தில் பாதரசமாக மாறி மீன் வழியாக நம் தட்டுக்கே திரும்பும். வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளையைத்தான் அது அதிகம் தாக்கும்.

வீட்டில் உடைந்தால் முதலில் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். ஏர்கோனை அடைத்து, சன்னலைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். விளக்குமாறோ வெக்கூமோ வேண்டவே வேண்டாம். இரண்டும் தூளையும் ஆவியையும் அறை முழுக்கப் பரப்பிவிடும். கையுறை போட்டுக்கொண்டு, தடித்த அட்டையால் துண்டுகளை வழித்தெடுங்கள். மீந்த வெள்ளைத் தூளை ஒட்டு நாடாவால் ஒற்றி, ஈரக் காகிதத்தால் துடையுங்கள். அத்தனையையும் மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் போட்டு இறுக்கி, வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

உடையாத விளக்கை அது வந்த அட்டைப் பெட்டியிலேயே வைத்துச் சேர்த்து வாருங்கள். முத்தியாரா டமன்சாராவில் உள்ள இக்கியா கடை பழைய விளக்குகளைப் பெற்றுக்கொள்கிறது. புறப்படும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றத்திடமும் விசாரிக்கலாம். ஒலிபெருக்கியோடு வரும் 'பேப்பர் லாமா' லோரியில் மட்டும் தந்துவிடாதீர்கள். பாவம், பழைய இரும்போடும் தாளோடும் அது உடைந்தால் அவதிப்படுபவர் அந்த லோரிக்காரர்தான்.

சட்டம் இங்கே பாதி வழியில் நிற்கிறது. பாதரசக் கழிவை 2005-ஆம் ஆண்டின் விதிமுறைகள் அட்டவணைக் கழிவாக வகைப்படுத்துகின்றன. தொழிற்சாலைகள் அதைச் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆனால் வீட்டில் கழற்றிய அதே விளக்கைச் சேகரிக்க வாசலுக்கு யாரும் வருவதில்லை. இது சரியல்ல. குறைந்தது, ஒவ்வொரு அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலும் பழைய விளக்குகளைப் போட ஒரு பெட்டி வேண்டும்.

புதிய எல்இடி வாங்கும்போது நட்சத்திர முத்திரையைப் பார்த்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் பழுதாகி, கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 3 ஆண்டுக்குள் புகார் செய்யலாம்.

கீழ்த்தளத்தில் விளக்குப் பெட்டி வேண்டும் என்று குடியிருப்பு நிர்வாகத்தைக் கேட்கவும் வழி உண்டு. வீட்டு உரிமையாளர் யாராக இருந்தாலும், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு 7 நாளுக்கு முன்பே எழுத்து மூலம் கொடுத்தால் அதைத் தீர்மானமாகக் கூட்டத்தில் வைக்கச் சொல்லலாம். பராமரிப்புக் கட்டணத்தைப் பாக்கியில்லாமல் கட்டியிருங்கள். பாக்கி இருந்தால் வாக்களிக்க முடியாது.