அஞ்சல் கட்டண உயர்வும் பார்சல் தொழிலின் மாற்றமும்

கடிதங்கள் குறைந்து பொதிகள் பெருகியதால் அஞ்சல் துறையின் வருவாயும் கட்டண முறையும் மாறிவருகின்றன. இந்தியாவில் இம்மாற்றம் 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் விரைவுபட்டது. இதன் சுமை பெரிய வணிக நிறுவனங்களைவிடச் சிறு அளவில் பொருள் அனுப்புவோர் மீதே கூடுதலாக விழுகிறது.

சீரான கட்டணம்

1854ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று இந்திய அஞ்சல் துறை தனித் துறையாகத் தொடங்கியபோது, கால் தோலா எடையுள்ள கடிதத்திற்குத் தொலைவு எதுவாயினும் அரை அணா என்று கட்டணம் வைக்கப்பட்டது. அருகில் செல்லும் கடிதத்தில் மிஞ்சும் பணம் தொலைவில் செல்லும் கடிதத்தின் செலவை ஈடுகட்டியது. இன்று நாட்டில் ஏறத்தாழ 1.65 லட்சம் அஞ்சலகங்கள் உள்ளன. அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு கிராமப்புறங்களில் இயங்குகின்றன. கடிதங்கள் குறைந்தாலும் இவற்றை நடத்தும் செலவு குறைவதில்லை.

பொருளைப் பெறும்போது பணம் செலுத்தும் வழக்கமும் புதிதன்று. அஞ்சல் துறை 1877இலேயே வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. இணைய வணிகம் அதே முறையைப் பெருமளவில் விரிவாக்கியது.

தனியார் நிறுவனங்களின் வருகை

அஞ்சல் துறை 1986இல் ஸ்பீடு போஸ்ட் சேவையைத் தொடங்கியது. புளூ டார்ட், புரொபஷனல் கூரியர், டிடிடிசி போன்ற தனியார் நிறுவனங்கள் ஆவணங்களிலும் பார்சல்களிலும் வளர்ந்தன. இணைய வணிகம் பரவியபின் டெல்லிவரி, ஈகார்ட் போன்றவை பெருகின. இவை பார்சல் அதிகம் உள்ள இடங்களில் கூடுதல் கவனம் செலுத்த முடியும். எல்லா ஊர்களுக்கும் சேவை தரும் பொறுப்பு அஞ்சல் துறையிடமே உள்ளது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் கடிதம் கொண்டுசெல்லும் தனியுரிமையை அரசுக்கு அளித்திருந்தது. 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்த அஞ்சலகச் சட்டம், 2023 அந்த உரிமையைத் தொடரவில்லை.

கட்டணம் கணக்கிடும் முறை

பார்சல் வாங்குதல், பிரித்தல், ஊர் விட்டு ஊர் கொண்டுசெல்லுதல், வீட்டில் பட்டுவாடா செய்தல் என நான்கு கட்டங்களில் செலவாகிறது. கடைசிக் கட்டமே பெரும்பாலும் செலவு மிகுந்தது. ஒரே தெருவில் பத்துப் பார்சல்கள் இருந்தால் ஒன்றுக்கான செலவு குறையும். ஒரு கிராமத்திற்கு ஒரே பார்சல் என்றால் கூடும். ஆளில்லாத வீட்டிற்கு மறுமுறை செல்வதும், திருப்பி அனுப்பப்படும் பொருளும் இச்செலவை உயர்த்துகின்றன.

வண்டியில் இடம் பிடிப்பதும் கணக்கில் வருகிறது. கூரியர் நிறுவனங்கள் பலவும் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுக்கின்றன. 30 × 20 × 20 செ.மீ. பெட்டியில் 800 கிராம் அப்பளம் இருந்தாலும் கணக்கில் வரும் எடை 2.4 கிலோ. இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம்.

அண்மை மாற்றங்கள்

2025இல் பதிவு அஞ்சல் ஸ்பீடு போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டது. 2012க்குப் பின் மாறாதிருந்த ஸ்பீடு போஸ்ட் கட்டணம் 2025 அக்டோபர் 1இல் உயர்ந்தது. வெளியூருக்கு அனுப்பும் 50 கிராம் வரையிலான அஞ்சலுக்கு 35 ரூபாயாக இருந்தது 47 ரூபாயானது. 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 55.46 ரூபாய். இந்த எடை வரை வெளியூர்க் கட்டணம் சீராகவே உள்ளது. எடை கூடும்போது தொலைவும் கணக்கில் வருகிறது. 250 முதல் 500 கிராம் வரையிலானதற்கு, உள்ளூர் நீங்கலாக 200 கி.மீ. வரை 70 ரூபாய், 2,000 கி.மீ.க்கு மேல் 93 ரூபாய்.

புத்தகங்களுக்கான மலிவான பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. சிறு பதிப்பகங்கள் இதனால் பாதிக்கப்பட்டன. விலை குறைந்த புத்தகத்திற்கு அனுப்பும் செலவே அதன் விலையை நெருங்கக்கூடும். 2025 மே 1 அன்று ‘ஞான் போஸ்ட்’ என்ற சேவை அறிமுகமானது. இதில் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி.

சிறு அனுப்புநர்கள்

நாள்தோறும் ஆயிரக்கணக்கில் பார்சல் அனுப்பும் நிறுவனம் பேரம் பேசித் தள்ளுபடி பெறுகிறது. வீட்டிலிருந்து ஊறுகாய் விற்பவரும் சிற்றிதழ் நடத்துபவரும் முழுக் கட்டணம் செலுத்துகின்றனர். ‘இலவச டெலிவரி’ என்பதிலும் அனுப்பும் செலவைப் பெரும்பாலும் பொருளின் விலையே சுமக்கிறது. பெட்டியின் அளவைக் குறைப்பதும், பல பொருள்களை ஒன்றாக அனுப்புவதும், தகுதியுள்ள புத்தகங்களுக்குத் தனிச் சேவையைப் பயன்படுத்துவதும் செலவைக் குறைக்கும் வழிகளாகும். ஆனால் தள்ளுபடி பெறும் பெரிய நிறுவனத்திற்கும் சிறு விற்பனையாளருக்கும் இடையிலான கட்டண வேறுபாட்டை இவ்வழிகள் முழுமையாக நீக்குவதில்லை.